மகளின் கணக்குக் கொப்பி



1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது நான் எட்டாம் வகுப்பு. கணக்குக் கொப்பி வீட்டிலேயே கிடந்துவிட்டது. அதன்பின் கணக்கு எனக்குப் பிடிபடவேயில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாததால் படிப்பும் நின்றது. இப்போது வெள்ளவத்தையில் தையல்தான் பிழைப்பு.

பதினோராம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்கு ரீச்சர் ஒரு செயற்றிட்டம் கொடுத்தார். வீட்டுக்குத் தெரிந்த ஒரு கொடுக்கல் வாங்கலைக் கணக்கால் ஆராய வேண்டும். செயற்றிட்டம் என்றாலே எனக்குப் பயம். பிறிஸ்ரல் போட், கலர் பேப்பர் என்று காசு போகும். கடைசியில் யாரோ ஒரு அண்ணாதான் கீறிக் கொடுப்பார். இந்த முறை மகள், "அம்மா, அன்ரியின்ர லோன் துண்டை வாங்கித் தாங்கோ. பேர் போடமாட்டன்" என்றாள்.

அன்ரி கொட்டாஞ்சேனையில் இருப்பவ. கிளிநொச்சிக்காரி, கணவரைப் போரில் இழந்தவ. தையல் மெசினுக்கு 60,000 ரூபாய் எடுத்து, மாதம் 6,200 வீதம் 12 மாதத்தில் கட்டி முடித்தா. "மாதம் இரண்டு வீத வட்டிதான்" என்று சொல்லியிருந்தார்கள். அடுத்ததாக இரட்டிப்புத் தொகை தருவதாகச் சொன்னதால், பிணைக்கு என்னையும் கேட்டிருந்தா.

மகள் மேசையில் இருந்து எழுதினாள். கட்டியது 74,400, வட்டி 14,400. ஆனால் மாதாமாதம் முதலில் 5,000 ரூபாய் குறைந்துகொண்டே வந்ததே! முதல் மாதம் கையில் 60,000, அடுத்த மாதம் 55,000, கடைசி மாதம் வெறும் 5,000. அப்போதும் வட்டி 60,000 ரூபாய்க்கே போயிருக்கிறது. மிகுதிக்கு மட்டும் இரண்டு வீதம் போட்டிருந்தால் வட்டி 7,800தான். புத்தகத்தில் உள்ள குறைந்து செல்லும் மீதி முறையில் பார்த்தால், 24 வீதம் என்று நினைத்த ஆண்டு வட்டி ஏறத்தாழ 44 வீதம்.

அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "6,600 ரூபாய்... என்ர பிள்ளையின்ர ரியூசன் காசு" என்றா. இரண்டாவது கடனுக்கு அவ கையெழுத்து வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பாடத்தை வாழ்க்கையோடு சேர்க்க வேண்டும் என்றுதான் 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியது. அதன் அர்த்தம் எனக்கு அன்றிரவுதான் விளங்கியது. 2018 இல் வடக்கு, கிழக்குப் பெண்களின் நுண்கடன் துயரம் நாடெங்கும் பேசப்பட்டது. அவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கை யாராவது முன்கூட்டியே செய்து காட்டியிருப்பார்கள்?

கடன் எடுக்கவே கூடாதென்று நான் சொல்லவில்லை. கையெழுத்து வைக்கமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டும்? வட்டி முழுத்தொகைக்கா, மிகுதிக்கா? முந்திக் கட்டி முடித்தால் வட்டி குறையுமா? பதிலை எழுதி வாங்கி, வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். அதுவும் ஒரு செயற்றிட்டந்தான்.

மகளின் பழைய கொப்பியில் நானும் இப்போது கணக்குச் செய்து பார்க்கிறேன். எட்டாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து.