எழுத்தைத் தேடும் விளையாட்டும் தமிழும்

ஆங்கிலச் சொல் விளையாட்டு நமது மாணவர்களிடையே வெகு துரிதமாகப் பரவி வருகிறது. குறிப்பிட்ட ஓர் எழுத்தை எங்கேனும் உடைய சொல் எது, ‘கியூ’ வந்தும் அதன்பின் ‘யூ’ வராத சொல் எது, ஐந்தெழுத்தில் ‘இஸட்’டில் முடிவது எது என்று தேடித் தேடி மனனம் செய்கிறார்கள். நகரவாசிகள் மட்டுமல்லர், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரையூர்ச் சிறுவனும் கைப்பேசியைத் தட்டினால் நொடியில் சொற்பட்டியல் வந்து நிற்கிறது. இது நன்றா, தீதா என்பதை நாம் சற்று ஆராய விரும்புகிறோம்.

விளையாட்டை இகழ்வது நமது கருத்தன்று. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணிப் பார்த்தார். அந்தக் கணக்கைக் கொண்டு பிறந்ததே ‘ஸ்கிராபிள்’. அதன் 100 சில்லுகளில் ‘ஈ’ 12. ‘கியூ’ ஒன்றே ஒன்று, அதற்கு மதிப்பு 10. 2021-ல் ஜாஷ் வார்டில் வெளியிட்ட ‘வேர்டில்’ விளையாட்டை 2022-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை விலை கொடுத்து வாங்கிற்று. தமது பாஷையின் எழுத்தை எண்ணிப் பார்த்தவர்கள் அதனாலேயே உலகத்தைத் தம் மொழியில் விளையாட வைத்துவிட்டார்கள். இதில் நமக்குப் பாடம் உண்டு.

‘யூ’ இல்லாத ‘கியூ’ச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றுட் பல அராபியிலிருந்து ஆங்கிலம் இரவல் வாங்கியவை. காஜி, பக்கீர், தலாக் என்னும் மூன்றும் ஆங்கிலப் போட்டிக்காரர் நெட்டுருச் செய்யும் சொற்கள். அதிராம்பட்டினத்துச் சிறுவனோ அவற்றை வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தவன். நம் கட்டுமரமும் ஆங்கில அகராதியில் ஏறி அமர்ந்திருக்கிறது. தன் வீட்டுச் சொல்லையே அயலான் பட்டியலில் கண்டு, புதிதென்று மனனம் செய்யும் விசித்திரத்தை என்னென்பது!

பொருளறியாது சொல்லைச் சேர்ப்பதற்கு எல்லையில்லை. நியூஜிலாந்து தேசத்து நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் பிரெஞ்சு பேச அறியாதவர். அவர் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றி, 2015-ல் அம்மொழியின் உலகப் போட்டியில் வென்றார். 2024-ல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். அவரது ஞாபக சக்தியைப் போற்றுகிறோம். ஆனால் நம் நாட்டில் ஆங்கிலக் கல்வி பலருக்கும் இவ்விதமாகவே நடந்திருக்கிறது என்பதை மறுப்பார் உண்டோ? எழுத்து வசப்பட்டது, பொருள் வசப்படவில்லை. பரீட்சையில் வெற்றி, பேச்சில் மௌனம்.

இனித் தமிழைப் பார்ப்போம். எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் வித்தை நமக்குப் புதிதன்று. மொழிக்கு முதலில் வரும் எழுத்து 22, இறுதியில் வரும் எழுத்து 24 என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் நன்னூலில் வரையறுத்துவிட்டார். 16-ஆம் நூற்றாண்டினரான மண்டல புருடர் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில், ஒரு சொல்லுக்குரிய பல பொருளை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசையிலே அடுக்கினார். கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் நெடுநாள் வாழ்ந்த வீரமாமுனிவர், 1732-ல் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்றைத் தொடையகராதி என்றே வகுத்தார். செய்யுள் செய்வோன் வேண்டிய எதுகைச் சொல்லை எளிதில் எடுக்கும் பொருட்டு அமைந்தது அது. இதழ் குவியும் எழுத்தை முற்றும் விலக்கிப் பாடும் நிரோட்டகமும், முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கும் மாலைமாற்றும் நம்மவர் ஆடிய எழுத்தாட்டமே. சோழமண்டலக் கரையின் முஸ்லிம் பெரியோர் அரபு எழுத்தில் தமிழை எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது எழுத்தே படைத்துக்கொண்டார்கள். எழுத்தின் நுட்பம் அறிந்த கரை இது.

அந்தச் செல்வம் இன்று மாணவன் கைக்கு எட்டுகிறதா? ‘அதிராம்பட்டினம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தால் 9 என்றிருப்பான். கம்ப்யூட்டரோ, நாம் தக்கபடி கற்பிக்காவிடில், 15 என்கிறது. மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் அது தனித்தனியே வைத்து எண்ணுவதே காரணம். அச்சொல்லில் ‘ட’ உண்டா என்று தேடினால், ‘ட்’டையும் ‘டி’யையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. இது தீராத பிணியன்று. தமிழெழுத்தைத் தமிழ் முறைப்படி கூட்டி எண்ணும் வழியைத் தமிழன்பர் சிலர் முன்னமே செய்து காட்டியிருக்கிறார்கள். குறை யந்திரத்தினுடையதன்று; நம் ஊக்கத்தினுடையது.

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. முதல், இடை, கடை என எவ்விடத்து எழுத்தைக் கொடுத்தாலும், சொல்லும் பொருளும் சேர்ந்தே வரும்படி அதிலிருந்து ஒரு பள்ளிப் பதிப்பை அமைக்க வேண்டும். 1981-ல் தஞ்சையிலேயே நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு இதனினும் பொருத்தமான பணி வேறென்ன? பதிப்பு இலவசமாக இருத்தல் வேண்டும். பொருளின்றிச் சொல்லை மட்டும் தரும் பட்டியல் நமக்கு வேண்டாம்.

“ஜீவனத்துக்கு ஆங்கிலம் வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். வேண்டும், நாமும் ஆங்கிலம் கற்றே வழக்காடினோம். “நாட்டில் இதனினும் பெரிய விஷயங்கள் இல்லையா?” என்பாரும் உண்டு. இருக்கின்றன. ஆனால் எந்தப் பெரிய விஷயத்தையும் ஜனங்களிடம் எடுத்துச் செல்வது சொல்லே. சொல்வளம் குன்றிய வாலிபன் மேடையில் ஏறினால் கோஷமிடுவான், வாதிக்க மாட்டான். தொண்டர்கள் இதைச் சிந்திப்பார்களாக. அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திராமல், இவ்வாரமே தத்தம் ஊர் வாசகசாலையில் பத்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஓர் எழுத்தைக் கொடுத்து, சொல்லும் பொருளும் கேட்பார்களாக. அதற்குச் செலவு ஒரு காசுமில்லை.