கண்ணாடி வந்த காலை



நடுப்பக்கங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவராக இருந்தால், அந்தப் பாட்டியின் முகம் உங்கள் மனதில் இருக்கும். நெற்றியில் கையை வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி நிழலிலுமாக உட்கார்ந்திருப்பவர். அந்தப் படம் எடுக்கப்பட்ட நொடியில் நானும் அங்கேதான் நின்றிருந்தேன். ஆனால் அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. என் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

சென்னை சௌகார்பேட்டையில், தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சின்னத் தெரு அது. இந்த இதழுக்காகப் படங்கள் தந்திருக்கும் புகைப்படக்காரர், மாசி மாதம் தொடங்கி ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போயிருக்கிறார். ஆறாவது வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். “ஒரு நாள் வந்து சும்மா நில்லுங்க சார். நான் என்ன பண்றேன்னு சொல்லத் தெரியல, பாத்தா புரியும்” என்றார்.

காலை ஆறரை மணி. கடைகள் திறக்கவில்லை. டீக்கடையில் மட்டும் பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சும்மாடைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் புகைப்படக்காரரைப் பார்த்ததும், “இன்னாக்கா, இந்த வாரமும் வந்துட்டியா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பெற அவருக்கு மூன்று வாரம் ஆனதாம். முதல் வாரம் எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் எந்தப் பத்திரிகை என்று கேட்டார்கள். மூன்றாம் வாரம் டீ சாப்பிடச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படம் எடுக்கத் தொடங்கினேன் என்கிறார்.

அவர் தேடிப் போனது ஒரு நீல ஷட்டரை. சௌகார்பேட்டை இருக்கும் ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு போன்றவை வடக்கு தெற்காக ஓடுகின்றன. கடல் கிழக்கே. அதனால் காலை வெயில் கிழக்கு வரிசைக் கட்டடங்களால் தடுக்கப்பட்டுத் தெரு நெடுக நிழலாகவே கிடக்கும். குறுக்குச் சந்து வந்து சேரும் இடங்களில் மட்டும் ஒரு கீற்று உள்ளே நுழையும். அப்படி ஒரு கீற்று ஏழு மணியைத் தாண்டி அந்த நீல ஷட்டரில் விழுகிறது. இருபது நிமிடம்தான் நிற்கும். அதையும் வாரா வாரம் ஒரே இடத்தில் எதிர்பார்க்க முடியாது. சூரியன் உதிக்கும் இடம் வடக்கே நகர நகர, கீற்றும் இடம் மாறும். முதல் வாரம் ஷட்டரின் பூட்டில் விழுந்த வெளிச்சம் ஆறாவது வாரம் பக்கத்துச் சுவரில் கிடந்தது. பூட்டைக் கையால் தொட்டுக்காட்டி, “போன மாசம் இங்க இருந்துச்சு சார்” என்றார். ஊருக்குப் போய்விட்ட உறவினரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

முதலில் மேடை, அப்புறம்தான் ஆள். இதுதான் அவருடைய முறை. நல்ல சுவர், நல்ல வெளிச்சம் கிடைத்த இடத்தில் நின்றுகொள்வார். யாராவது வருவார்கள். 28 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான் வைத்திருக்கிறார், ஜூம் கிடையாது. துளையை எஃப் 8-ல் வைத்து, தூரத்தை இரண்டரை மீட்டருக்கு முன்கூட்டியே நிறுத்திவிடுகிறார். அப்படி வைத்தால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை இருப்பதெல்லாம் தெளிவாக விழும். போகஸ் தேடி ஒரு நொடி வீணாகாது. ஆனால் இரண்டரை மீட்டர் என்பது நாலு எட்டு தூரம். எதிரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்க்கிறார், நம் மூச்சுகூடக் கேட்கலாம். தூரத்தில் ஒளிந்துகொண்டு பெரிய லென்ஸ் போட்டு எடுப்பதில் இவருக்குச் சம்மதமில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. எடுப்பவரும் தெருவில் ஒருவராக நிற்கவேண்டும்.

தெருவில் நடப்பவர்களைப் படமெடுக்கும் இந்த வேலை எந்தக் கருவியால் எளிதானது என்பதையும் சொல்லவேண்டும். சென்னையில் 1857-லேயே புகைப்படச் சங்கம் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் ஒளி பதிய நேரம் பிடிக்கும், அதனால் நடந்து போகிறவர் படத்தில் விழமாட்டார், விழுந்தாலும் புகை போல விழுவார். பழைய படங்களில் பல தெருக்கள் வெறிச்சோடித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 1925-ல் லைக்கா என்ற சின்னக் கேமரா சந்தைக்கு வந்து கைக்குள் அடங்கிய பிறகு, நடக்கிறவர்களை எடுப்பது இன்னும் எளிதானது.

பெரிய நகரத்தைப் படம் எடுக்க ஊர் முழுக்க அலையவேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நியூயார்க்கில் இருந்த சால் லைட்டர் என்ற புகைப்படக்காரர் அப்படி அலையவில்லை. 1923-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை யூத வேத அறிஞர், மகனும் அந்த வழியில் வரவேண்டுமென்று விரும்பியவர். மகனோ ஓவியனாகப் போகிறேன் என்று 1946-ல் நியூயார்க் வந்துவிட்டார். அங்கே ஐம்பதுகளில் அவர் எடுத்த வண்ணப் படங்கள் பெரும்பாலும் வீட்டைச் சுற்றிய சில தெருக்களில் எடுத்தவை. பனி படிந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் கலங்கிய ஓர் உருவம், ஒரு சிவப்புக் குடை. அவ்வளவுதான். அவருடைய ‘எர்லி கலர்’ புத்தகம் 2006-ல் வந்தபோது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அதே நியூயார்க்கில் கேரி வினோகிராண்ட் நேர் எதிர். நடந்துகொண்டே, எடுத்துக்கொண்டே இருந்தவர். எடுத்த பிலிமை உடனே கழுவாமல் ஒரு வருடம், அதற்கு மேலும்கூட வைத்திருப்பார். எடுத்தபோது இருந்த சந்தோஷம், படத்தை எடைபோடும்போது கண்ணை மறைக்கும் என்பது அவர் எண்ணம். 1984-ல் அவர் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் மட்டும் 2,500 இருந்தன. அந்தப் பிலிமில் இருந்தவர்களை அவர் இரண்டாவது தடவை பார்க்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

நம் புகைப்படக்காரருக்கும் இதில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போய்ப் படங்களைக் கணினியில் ஏற்றுவார், ஒரு மாதம் திறக்கமாட்டார். தெருவில் நிற்கும்போது கேமராத் திரையையும் பார்ப்பதில்லை. எடுத்ததைப் பார்க்கக் குனிந்தால், வரப்போவது போய்விடுமாம்.

அன்று கீற்று வந்தது. பால்காரப் பையன் வந்தான். காகிதக் கட்டுகளைச் சுமந்தபடி ஒருவர் கடந்தார். ஒரு நாய் வெளிச்சத்தின் நடுவில் வந்து படுத்துக்கொண்டது. அதை அவரும் விரட்டவில்லை. நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு மீன்பாடி வண்டி வந்தது. யாரோ வீடு மாற்றுகிறார்கள். கட்டில், பிளாஸ்டிக் குடம், கயிறு போட்டுக் கட்டிய டிரெஸ்ஸிங் டேபிள். வண்டி கீற்றுக்குள் நுழைந்ததும் அந்த டேபிளின் கண்ணாடி வெயிலை வாங்கி, வந்த பக்கமே திருப்பி அடித்தது. என் பக்கத்தில் நின்றவர் சட்டென்று பின்னால் திரும்பினார். கிளிக் சத்தம் இரண்டு முறை கேட்டது. நான் திரும்பியபோது வண்டி நகர்ந்துவிட்டது, எதிர்வரிசைத் திண்ணை பழையபடி நிழலுக்குள் போய்விட்டது. திண்ணையில் ஒரு பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் ஒரு சுவருக்காகக் காத்திருந்தார். படம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அந்த ஆறு வாரம் நின்றிராவிட்டால் திரும்பியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். வெளிச்சம் எங்கே இருக்கவேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பது அவர் உடம்புக்கே தெரிந்துபோயிருந்தது.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லவேண்டும். அவருடைய படங்களில் நான் மிகவும் ஆசைப்பட்ட ஒன்று இந்த இதழில் இல்லை. வண்டியின் மேலேயே வாய் திறந்து தூங்கும் ஒரு சுமைத் தொழிலாளி. உள்ளங்கால் வெடிப்புகளில் வெயில் விழுந்திருக்கும். அட்டைக்கே போடலாம் என்றேன். “அவர் எழுந்ததும் கேட்டேன் சார். பொண்ணு காலேஜ் போகுது, வேணாம்மான்னு சொன்னாரு” என்றார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. முகம் தெரிகிற படங்களில் இருப்பவர்களிடமெல்லாம் அவரே திரும்பப் போய்க் கேட்டுவிட்டுத்தான் நமக்குத் தந்திருக்கிறார். சட்டம் என்ன சொன்னாலும், இந்தப் பத்திரிகையில் இனி இதுதான் வழக்கம்.

பாட்டியிடமும் அன்றே போனோம். அதற்காக மட்டும் திரையைத் திறந்து காட்டினார். பாட்டி கண்ணருகே வாங்கிப் பார்த்தார். “கண்ணு கூசுதுன்னு கைய வெச்சேன். அதையா புடிச்சே?” என்றார். பத்திரிகையில் போடலாமா என்று கேட்டதற்கு, “போட்டுக்கோ. ஆனா தலகூட வாராம இருக்கேனே” என்று எழுந்து உள்ளே போனார். ஒண்டுக்குடித்தன வீடு. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். தலைவாரி, விபூதி இட்டு, வேறு புடவை கட்டியிருந்தார். திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, “இப்ப எடு” என்றார்.

அதையும் எடுத்தார், அதே கவனத்தோடு. போன ஞாயிறு இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். நீங்கள் பார்க்கும் படத்தைப் பாட்டி பேரனிடம் கொடுத்துவிட்டார். தலைவாரிய படம், வாசலுக்கு நேரே, சாமி படங்களுக்குக் கீழே மாட்டப்பட்டிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்