பழைய முகம் கொண்ட புது கேமரா வாங்கலாமா?

கடலூர் சில்வர் பீச்சிலும் பிச்சாவரம் படகுத்துறையிலும் கேமராவும் கையுமாகத் திரியும் கல்லூரிப் பசங்களுக்கு இப்போது ஒரு பெரிய குழப்பம். பார்ட் டைம் வேலை, சின்னச் சின்ன நிச்சயதார்த்த ஆர்டர், அப்பாவின் பங்கு என்று கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும். அதை வைத்துப் பழைய ஃபிலிம் கேமரா மாதிரியே இருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்குவதா, இல்லை எடை குறைந்த சாதாரண மிரர்லெஸ் வாங்குவதா?

பேச வசதியாக இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். முதல் வகைக்கு 2023 செப்டம்பரில் வந்த நிகான் இசட் எஃப். இரண்டாவதற்கு 2024 நவம்பரில் வந்த நிகான் இசட்50 இரண்டாம் பதிப்பு. (இசட் எஃப்பும் மிரர்லெஸ்தான். கேமராவின் உள்ளே கண்ணாடி கிடையாது. தோற்றத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய பேர்.) பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து முதலாவது 710 கிராம், இரண்டாவது 550 கிராம். அறிமுக விலை முதலாவதற்கு ஏறக்குறைய 1 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய். இரண்டாவதற்கு அதில் பாதிக்கும் குறைவு.

இதில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கேள்வியே சரியா என்று கேட்க வேண்டும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பண்டலிங் தெரிந்திருக்கும். இரண்டு சரக்கை ஒன்றாகக் கட்டி ஒரே விலை போட்டுவிட்டால், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாமல் போய்விடும். இங்கேயும் அதேதான். ஃபுல் ஃப்ரேம் என்பது ஒரு சரக்கு. பழைய தோற்றம் என்பது வேறொரு சரக்கு. முதலாவது இருட்டில் உதவும். இரண்டாவது மனசுக்குப் பிடிக்கும். இரண்டையும் பிரித்து விலை போட்டுப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் தோற்றம்.

இசட் எஃப்புக்கு முன்மாதிரி நிகான் எஃப்.எம்.2. 1982 முதல் 2001 வரை தயாரான கேமரா அது. நொடியில் 4000ல் ஒரு பங்கு வேகத்தில் ஷட்டர் அடிக்கும், அதுவும் முழுக்க முழுக்க இயந்திர முறையில். பேட்டரி தீர்ந்தால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும்தான் போகும், படம் எடுப்பது நிற்காது. ஸ்டீவ் மெக்கரி 1984ல் எடுத்த ஆப்கான் சிறுமி படம் இந்த மாடலில் எடுத்ததுதான். அதன் எடை எவ்வளவு தெரியுமா? 540 கிராம். அதாவது எஃப்.எம்.2வை நினைவுபடுத்துவதற்காகச் செய்த கேமரா எஃப்.எம்.2வை விட 170 கிராம் கனம். அதன் எடையை உண்மையில் ஒட்டி வருவது யாரும் அழகு என்று சொல்லாத இசட்50தான். வேடிக்கைதான்!

அந்தக் காலத்தில் கல்யாண வீட்டுக்கு மேனுவல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போன ஸ்டூடியோ அண்ணன்கள் அதை அழகுக்காகத் தூக்கவில்லை. தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்லிப் படம் பிடிக்க முடியாது. கேமரா நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நம்பகமான டிஜிட்டல் கைக்கு எட்டும் விலையில் வந்ததும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறிவிட்டார்கள். ஃபிலிம் ரோலில் 36 படத்துக்கு மேல் எடுக்க முடியாத கஷ்டத்தை அவர்களில் யாரும் ஏங்கித் தேடவில்லை. ஏங்குவது யார் என்றால், ஃபிலிம் ரோலையே கையில் தொட்டுப் பார்க்காத இருபது வயதுக்காரர்கள். சொந்த நினைவே இல்லாத ஒன்றுக்கான ஏக்கம் இது.

இந்த ஏக்கத்தை கம்பெனிகள் விற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. செல்போன் சாப்பிட்டுவிட்டது. எண்ணிக்கை இப்படிச் சரிந்தால் ஒவ்வொரு கேமராவிலும் அதிக லாபம் பார்த்தாக வேண்டும். போனால் தர முடியாத எதையாவது விற்க வேண்டும். போனில் திருகுவதற்கு டயல் கிடையாது. 2009ல் ஒலிம்பஸ் பென், 2011ல் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100, 2013ல் நிகான் டி.எஃப். என்று வரிசையாக வந்த கதை இது. இதில் தப்பு எதுவும் இல்லை, வியாபாரம்தான். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாமே.

டயலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எஃப்.எம்.2வில் அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருந்தது. எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்துத் திருகலாம். நிகானின் இசட் லென்ஸ்களில் எண் போட்ட அந்த வளையம் கிடையாது. அதனால் இசட் எஃப்பின் தலையில் தபால் தலையை விடச் சின்னதாக ஒரு ஜன்னல் வைத்து, அதில் அபெர்ச்சர் எண்ணைக் காட்டுகிறார்கள். மாற்ற வேண்டுமானால் வழக்கமான சக்கரத்தைத்தான் சுற்ற வேண்டும். ஷட்டர் டயலிலும் முழு நிறுத்தங்கள்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு வேகம் வேண்டுமென்றால் டயலை ‘1/3 ஸ்டெப்’ என்ற இடத்தில் வைத்துவிட்டு மறுபடியும் அதே சக்கரம். பித்தளை டயல் விரலுக்கு சுகமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அவசரத்தில் முக்கால்வாசி வேலையை எல்லா கேமராவிலும் இருக்கும் சக்கரம்தான் செய்கிறது.

டயல்தான் ஆசை என்றால் அதற்கும் மலிவான வழி இருந்தது. 2021ல் வந்த நிகான் இசட் எஃப்.சி. அதே பழைய முகம், சின்ன சென்சார், 445 கிராம். மறுபக்கம், ஃபுல் ஃப்ரேம் வேண்டும் ஆனால் கனம் வேண்டாம் என்கிறவர்களுக்கு 2023ல் வந்த சோனி ஏ7சி இரண்டாம் பதிப்பு 514 கிராம்தான். (விலை இசட் எஃப்பை விட அதிகம், அது வேறு கதை.) பழைய தோற்றம் என்றால் கனம், லேசு என்றால் சின்ன சென்சார் என்று எந்த விதியும் கிடையாது.

இப்போது இருட்டு. இங்கேதான் இசட் எஃப்புக்கு உண்மையான பலம்.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு. இசட்50ல் உள்ளது ஏறக்குறைய 23.5க்கு 15.7. பரப்பளவில் இரண்டே கால் மடங்கு வித்தியாசம். ஒரே அபெர்ச்சரில் ஒரே காட்சியை எடுத்தால் பெரிய சென்சாருக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சமும் அதே அளவுக்குக் கூடும். அதனால்தான் இருட்டில் படம் மணல் மணலாக உடைவது குறைகிறது. போதாததற்கு இசட் எஃப்பின் சென்சார் கை நடுக்கத்துக்கு எதிராக அசைந்து கொடுக்கும். இசட்50ல் அது கிடையாது, லென்ஸில் இருந்தால்தான் உண்டு.

சிதம்பரத்துக்கு இது பெரிய விஷயம். மகாசிவராத்திரியை ஒட்டி 1981லிருந்து நாட்டியாஞ்சலி நடக்கிறது. ராத்திரி, மேடை விளக்கு, ஒரு விநாடி கூட நிற்காத கால்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று: சென்சார் அசைந்து கொடுப்பது எடுக்கிறவரின் கை நடுக்கத்தைத்தான் சரி செய்யும், ஆடுகிறவரின் காலை நிறுத்தாது. அகல் விளக்கு வரிசையை எடுக்க அது கைகொடுக்கும். ஆடும் பாதத்தை எடுக்க ஷட்டர் வேகம்தான் வேண்டும், அந்த வேகத்தில் வெளிச்சம் குறையும், அதைத் தாங்கப் பெரிய சென்சார் வேண்டும். ஆக நாட்டியாஞ்சலியில் இசட் எஃப் ஜெயிப்பது சென்சாரின் பரப்பளவால்தான். பித்தளை டயலுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அடுத்து எடை. 710க்கும் 550க்கும் 160 கிராம்தானே, ஒரு டம்ளர் தண்ணீர் கூட இல்லையே என்று கடையில் தோன்றும். பாடியை மட்டும் தூக்கிப் பார்ப்பதால் வரும் ஏமாற்றம் அது. படம் எடுப்பது லென்ஸோடு. இசட் எஃப்பில் 24-70 எஃப்/4 லென்ஸ் போட்டால் லென்ஸே 500 கிராம், மொத்தம் 1,210. இசட்50ல் 16-50 லென்ஸ் வெறும் 135 கிராம், மொத்தம் 685. (அந்தச் சின்ன லென்ஸ் வெளிச்சத்தில் ஏழை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஒன்றேகால் கிலோவைத் தொடுவதற்கும் முக்கால் கிலோ கூட இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் தேர் அன்றைக்குத் தெரியும். ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராஜரே தேரேறி வரும் அந்த இரண்டு நாளும் நான்கு வீதியிலும் கூட்டம் நெருக்கும். காலையில் தோளில் மாட்டியதை சாயங்காலம் வரை இறக்கி வைக்க இடம் இருக்காது. அதோடு இசட் எஃப்பின் முன்பக்கத்தில் விரல் பிடிக்கப் பெரிதாக மேடு கிடையாது, பழைய கேமராவுக்கு இல்லாததால்! எல்லாக் கனமும் மணிக்கட்டில்தான். தனியாக கிரிப் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு, அதற்கு ஒரு காசு, அதற்கு ஒரு எடை.

பிச்சாவரத்தில் கதை இன்னும் சாய்கிறது. சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போகும்போது கொக்கும் நாரையும் வேரின் மேல் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். சின்ன சென்சாரில் 50-250 லென்ஸ் போட்டால் 375 மி.மீ. வரை இழுத்த மாதிரி கிடைக்கும், அந்த லென்ஸ் 405 கிராம்தான். ஃபுல் ஃப்ரேமில் அந்த தூரத்துக்கு நிகானின் 100-400 லென்ஸ் என்றால் அதுவே 1,400 கிராம் அளவில். படம் அருமையாக வரும், மறுக்க முடியாது. விலையைக் கேட்டால் படகிலிருந்து விழாமல் இருக்க வேண்டும் :-)

பணத்தைப் பற்றிக் கடைசியில் பேசினாலும் முடிவு செய்வது அதுதான். கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருஷ டிகிரிக்குக் கட்டும் ஃபீஸ் இந்த 1 லட்சத்து 77 ஆயிரத்தில் ஒரு சின்னத் துண்டு. டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த பிறகும் அந்த விலைக்குள் 27 ஆயிரம் ரூபாய் வரிதான். ஜி.எஸ்.டி. பதிவு செய்த தொழில்காரர் அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார். வருஷத்துக்கு 20 லட்சம் வரை சேவை செய்கிறவருக்குப் பதிவே கட்டாயமில்லை, அதனால் கிரெடிட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் எடுக்கும் மாணவருக்கு அந்த 27 ஆயிரம் முழுக்கச் செலவு. வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாமே என்றால், முறையாகக் கணக்கு வைத்துத் தொழில் வருமானம் காட்டுகிறவருக்குத்தான் அது. உத்தேச வருமான முறையில் கட்டுகிறவருக்குத் தனியாக இல்லை. பொழுதுபோக்குக்கு எடுக்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று கடைக்காரர் சொல்வதிலும் வட்டி மேல் ஜி.எஸ்.டி., பிராசஸிங் ஃபீஸ் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டு கேமராவுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லட்சம் நிற்கிறது. முதல் கேமரா வாங்கும் மாணவர் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை லென்ஸில் போடுவதுதான் புத்திசாலித்தனம். இசட்50க்கு 24 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் இருக்கிறது, 135 கிராம். கிட் லென்ஸை விட எத்தனையோ மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். இருட்டின் பிரச்சினையில் பாதி அங்கேயே போய்விடும். இன்னொரு சின்னத் தொகை, காற்றுப் புகாத டப்பாவுக்கும் சிலிகா ஜெல்லுக்கும். கடலோரத்தில் இது ஆடம்பரம் இல்லை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் துணிப்பைக்குள்ளேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை படர்ந்தால், அது ஃபுல் ஃப்ரேம் லென்ஸா சின்ன லென்ஸா என்று பார்க்காது. லட்ச ரூபாய் கேமரா வாங்குகிறவர் இருநூறு முந்நூறு ரூபாய் டப்பா வாங்க யோசிப்பது ஏன் என்று புரியவில்லை.

இசட் எஃப்பை யாருமே வாங்கக் கூடாதா என்றால் அப்படி இல்லை. கோயில், கச்சேரி, மேடை நாட்டியம் என்று ராத்திரி வேலையே தொழிலாகக் கொண்டவர், இரண்டு மூன்று வருஷம் சம்பாதித்து எந்த லென்ஸ் வேண்டும் என்று தெரிந்தவர், தாராளமாக வாங்கலாம். 170 கிராம் எடையுள்ள 40 மி.மீ. எஃப்/2 லென்ஸை அதில் மாட்டினால் மொத்தம் 880 கிராம்தான், அது ஒரு நல்ல ஜோடி. கறுப்பு வெள்ளைக்கு என்றே ஷட்டர் டயலுக்குக் கீழே ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறார்கள், உபயோகித்தவர்கள் அதை விட மாட்டார்கள். மற்றவர்களுக்கு ஆசை அடங்கவில்லை என்றால் வாடகை இருக்கிறது. நாட்டியாஞ்சலி வருஷத்தில் சில ராத்திரிகள்தான். அந்த ராத்திரிகளுக்கு மட்டும் ஃபுல் ஃப்ரேமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மற்ற நாளெல்லாம் காலேஜ் பையில் லேசான கேமராவைப் போட்டுக்கொண்டு கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் ஏறலாம்.