தமிழ்நூலைத் தமிழெழுத்தில் தேட இயலாத நூலகங்கள்

அடுக்கில் நூல் இருக்கின்றது. பட்டியலோ இல்லை என்கின்றது. எனின், அந்நூல் இருந்தென்ன, எரிந்துபோயிருந்தால்தான் என்ன? நம் பல்கலைக்கழக நூலகங்களில் கணினிப் பட்டியல் புகுந்த நாள்தொட்டுத் தமிழ்நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்தில் பெயர்த்தெழுதிப் பதியும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இதனை ஏதோ அலுவலகக் குறைபாடென ஒதுக்கிவிடுதல் இயலாது.

செம்பாக்கத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர் அண்மையில் எம்மிடம் கூறியதைக் கேளுங்கள். தாம் பயிலும் பல்கலைக்கழக நூலகத்தில் மறைமலையடிகளாரின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையைத் தேடியிருக்கின்றார். தமிழெழுத்தில் தேடினார், விடையில்லை. அடிகளின் பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு வகையாய் எழுதிப் பார்த்தார், அப்போதும் இல்லை. ஈற்றில் அகவை முதிர்ந்த பணியாளர் ஒருவர் உள்ளே சென்று, ஐந்தே நிமையத்தில் நூலைக் கொண்டுவந்து தந்தாராம். அது வேதாசலம் என்னும் பெயரில் பதியப்பட்டிருந்தது!

அவ்வுரை 1903-இல் வெளிவந்தபோது ஆசிரியர் வேதாசலம். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தபின்னரே மறைமலையடிகள். செம்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்து, தாம் திரட்டிய நூல்களையெல்லாம் தமிழ் மக்களுக்கென விட்டுச் சென்றவர் அவர். அவை 1958-இல் சென்னையில் அவர் பெயராலேயே நூல்நிலையமாயின. அத்தகையவர் எழுதிய நூலே பட்டியலுள் ஒளிந்து கிடக்கின்றது. அப்பணியாளர் ஓய்வு பெற்றபின் அதனை யார் எடுத்துத் தருவர்?

இஃது ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞரானார், கனகசுப்புரத்தினம் பாரதிதாசனானார், தேவநேசன் தேவநேயப் பாவாணரானார், துரைமாணிக்கம் பெருஞ்சித்திரனாரானார். பெயர் மாற்றம் நம் இயக்க வரலாற்றோடு பிறந்தது. ஒருவரின் பல பெயர்களையும் ஒரு தலைப்பின்கீழ்க் கட்டி, ஏனைப் பெயர்களால் தேடி வருவாரை அத்தலைப்பிற்கு ஆற்றுப்படுத்துதல் பட்டியற் கலையின் பழைய நெறியே. அதைச் செய்ய நூலக அறிவியல் பட்டம் மட்டும் போதாது. தமிழிலக்கிய வரலாறும் தெரிந்திருத்தல் வேண்டும். பட்டியலிடும் பணியைக் குறைந்த விலை கேட்ட வெளி நிறுவனத்திற்கு ஏலம் விட்டால் இவ்வறிவு எங்கிருந்து வரும்?

இனி, எழுத்துப் பெயர்ப்பின் கேடு. கலை, களை, காலை, காளை ஆகிய நான்கு சொற்களும் குறியிடாத ஆங்கில எழுத்தில் ஒரே வடிவினவாய் நிற்கும். குறியிட்டெழுதும் முறை உண்டே என்பர் சிலர். உண்டு, ஆராய்ச்சி நூல்களின் அடிக்குறிப்பிற்கு அது பயன்படும். நூலகக் கணினியின் முன் அமரும் மாணவர் எவரும் எழுத்தின்மேல் கோடும் கீழ்ப் புள்ளியும் இட்டுத் தேடுவதில்லை. தமிழ் என்னும் சொல்லையே அவர்கள் மூன்று நான்கு வகையாய் எழுதுகின்றனர்.

தமிழெழுத்தில் பதிதல் கணினிக்கு இயலாது என்பது இன்று பொய்யுரை. 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம் பெற்றுவிட்டது. விலையின்றிக் கிடைக்கும் கோகா என்னும் நூலக மென்பொருளும் தமிழெழுத்தை ஏற்கின்றது. ஆயினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். ஒருங்குறியின் எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன்னரே வந்துவிடுகின்றன. ஜகரமோ சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே குந்தியிருக்கின்றது. கணினியைத் தன்போக்கில் விட்டால் பட்டியலும் அவ்வாறே குழம்பும். நெடுங்கணக்கு வரிசையில் அடுக்குமாறு அமைத்துவிட்டால் இக்குழப்பம் தீரும். வல்லுநர்க்கு அது பெரும்பணியன்று. கேட்பார் இல்லாமையால் செய்வாரும் இல்லை.

நூலக ஆட்சியை அறிவியலாக்கிய பெருமகனார் சீ. இரா. அரங்கநாதனார் நம் மண்ணினரே. (அவர்தம் ஊராகிய சீர்காழி ஆங்கிலர் வாயில் சியாழியாகச் சிதைந்து, அச்சிதைவே அவர் பெயரின் முன்னெழுத்தாயிற்று!) மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராயிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். இலண்டனில் பயின்று 1925-இல் திரும்பியதும் அடுக்குகளைப் படிப்பவர்க்குத் திறந்துவிட்டார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நெறிகளுள் நான்காவது படிப்பவரின் பொழுதைக் காப்பது பற்றியது. ஒரு நூலுக்காக அம்மாணவி இழந்த முற்பகலை இந்நெறியால் அளந்து பாருங்கள். அவர் நெறிகளைத் தேர்வில் வினவிப் பட்டம் வழங்குகின்றோம். பட்டம் பெற்றவரை அந்நெறிக்கு மாறான பட்டியலின்முன் அமர்த்துகின்றோம்.

பணமில்லை என்பது வழக்கமான விடை. அயல்நாட்டு ஆய்விதழ்களுக்கென இந்திய அரசு 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி உருபாவை ஒதுக்கியுள்ளது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் அத்திட்டம், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடுகின்றது. அறிவியல் மாணவர்க்கு அது நன்மையே. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், அவ்விதழ்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் தாமே செலவிட்ட தொகையில் ஒரு பகுதி இனி மிச்சமாகுமன்றோ? அம்மிச்சத்தை எதற்குச் செலவிடப் போகின்றனர் என்று வினவும் உரிமை நமக்குண்டு.

இடமின்மையைக் காட்டிப் பழம் நூல்களையும் இதழ்களையும் கழிக்கும் வேலைக்கும் இதே பட்டியல்தான் அடிப்படையாகின்றது. எவரும் எடுக்காத நூல் எனக் கணினி காட்டும். தேடியும் கிடைக்காத நூலை எவர் எடுப்பர்? கோட்டையூர் உரோசா முத்தையா பிறர் கழித்தவற்றையும் திரட்டிக் காத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பை வாங்கிக் காக்க முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். நம் பல்கலைக்கழகங்களுள் ஒன்றன்று.

ஆகவே, பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களிலும் பேரவைகளிலும் அமர்ந்துள்ள தமிழன்பர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரும்போது மூன்றைக் கேட்க. தமிழ்நூல் ஒவ்வொன்றும் தமிழெழுத்தில் பதியப்பெறுதல். ஆசிரியரின் பல பெயர்களும் இணைக்கப்பெறுதல். தமிழ் கற்ற பட்டியலாளர் ஒருவரேனும் நிலையான பணியில் அமர்த்தப்பெறுதல். இவை முடியும்வரை பழந்தமிழ் நூல் ஒன்றையும் கழித்தலாகாது எனத் தீர்மானம் இயற்றவும் வேண்டுக.