பத்திரிகையும் பஞ்சமும்

பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி முதலான சாதனங்கள் ஜன சமூகத்துக்குச் செய்ய வேண்டிய காரியம் யாது என்று வினவினால், செய்தி சொல்லுதல், அறிவு புகட்டுதல், மகிழ்வூட்டுதல் என்று மூன்றை அடுக்கிச் சொல்வது பாடப் புத்தகங்களின் வழக்கம். மூன்றும் வேண்டியவையே, எதையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும், அதிகாரத்தில் இருப்பவர் காண விரும்பாத கஷ்டத்தை அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தி, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்புவதற்கு இடமில்லாமல் செய்வதே அவற்றின் பிரதான தர்மம் என்றும், ஏனைய மூன்றும் அதற்குப் பின்னர் வர வேண்டியவை என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமாக, வங்காளத்தில் 1943-ஆம் ஆண்டு நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பகைவர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கரையோரக் கிராமங்களின் படகுகளைச் சர்க்காரே பறித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் பெரும் புயலொன்று மேதினிப்பூர்க் கரையைச் சூறையாடிற்று. யுத்தச் செலவினால் பெருகிய பணமும் பதுக்கல்காரரின் பேராசையும் சேர்ந்து, அரிசி விலையைக் கூலிக்காரன் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டன. கிராமங்களை விட்டுக் கல்கத்தாவுக்கு நடந்தே வந்த குடும்பங்கள், சோறு கேட்கும் துணிவையும் இழந்து, வடித்த கஞ்சியையாவது ஊற்றுங்கள் என்று வாசல் வாசலாகக் கெஞ்சி, நடைபாதைகளிலேயே விழுந்து மாண்டன. அப்போதும் அரசாங்கம் பஞ்சம் வந்துவிட்டதென்று பிரகடனம் செய்யவில்லை. செய்திருந்தால் பஞ்ச நிவாரண விதிகளின்படி வேலையும் உணவும் கொடுத்தே தீர வேண்டிய கடமை அதன் தலைமேல் விழுந்திருக்கும். யுத்தகாலத் தணிக்கையோ பத்திரிகைகளின் வாயைக் கட்டிவைத்திருந்தது.

அந்த நிலையில்தான், ஆங்கிலேயருக்குச் சொந்தமானதும் ஆளும் வர்க்கத்தார் காலைக் காப்பியோடு படித்ததுமான கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். எழுத்தைக் கட்டுப்படுத்திய யுத்தகால விதிகள் புகைப்படங்களைப் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை என்பதைக் கண்டுகொண்ட அவர், புகைப்படக்காரர்களை வீதிக்கு அனுப்பினார். 1943 ஆகஸ்டு 22, ஞாயிற்றுக்கிழமை இதழில், எலும்பும் தோலுமாய்க் கிடந்த தாய்மாரும் குழந்தைகளும் அச்சில் வந்தார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். படங்களோடு தலையங்கங்களும் தொடர்ந்து வந்தன. புது டில்லியில் அந்தப் பத்திரிகையின் பிரதிகள் விலைக்குமேல் விலை கொடுத்து வாங்கப்பட்டன. வங்காளத்தில் இருந்தவர்களுக்கு அப்படங்கள் சொன்னது எதுவும் புதிதல்ல, தினமும் தாண்டி நடந்த காட்சிதான். டில்லியிலும் லண்டனிலும் இருந்தவர்களுக்கோ, அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டிருப்பது சாத்தியமாக இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் புதிய வைசிராயாக வந்த வேவல் பதவியேற்ற சில நாட்களுக்குள்ளேயே கல்கத்தாவுக்குச் சென்று பார்த்து, நிவாரண வேலையில் ராணுவத்தை இறக்கினார். அதற்குள் உயிர்கள் லட்சக்கணக்கில் போய்விட்டன. மாண்டோர் 15 லட்சம் என்று அரசாங்கம் நியமித்த கமிஷனே கணக்கிட்டது; பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சம் வரையில் சொல்கிறார்கள். அந்தப் படங்கள் மார்ச்சிலோ ஏப்ரலிலோ வெளிவந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும் என்று நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

எல்லாருக்கும் ஸ்டீபன்ஸுக்கு இருந்த பாதுகாப்பு இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேதினிப்பூர்க் கிராமங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து, பசியால் மெலிந்தவர்களை மையினால் வரைந்து சித்தப்பிரசாத் என்ற ஓவியர் வெளியிட்ட சிறு நூலின் பிரதிகளை அரசாங்கம் பறிமுதல் செய்து அழித்தது. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஆசிரியர் அச்சிட்டதைப் பொறுத்துக்கொண்ட அதே அதிகாரம், ஆளப்பட்டவன் வரைந்ததைப் பொறுக்கவில்லை.

அந்தப் பஞ்ச காலத்தில் ஒன்பது வயதுச் சிறுவனாகச் சாந்திநிகேதனத்தில் இருந்து அக்கொடுமையைக் கண்ணால் கண்ட அமர்த்தியா சென், பிற்காலத்தில் பொருளாதார அறிஞராகி, ஜனநாயகமும் சுதந்திரப் பத்திரிகைகளும் உள்ள எந்த நாட்டிலும் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்ற கருத்தை முன்வைத்தார். 1947-க்குப் பிறகு நம் தேசத்தில் எத்தனையோ முறை மழை பொய்த்திருக்கிறது. ஆனால் வங்காளத்தில் நடந்ததற்கு நிகரானது மறுபடி நடக்கவில்லை. சீனத்தில் 1958 முதல் 1961 வரையில் நேர்ந்த பஞ்சத்திலோ கோடிக்கணக்கானோர் மாண்டனர். மேலதிகாரியைத் திருப்திப்படுத்துவதற்காகக் கீழதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதி அனுப்ப, அந்தப் பொய்க் கணக்கை மறுத்துச் சொல்லுவதற்கு ஒரு பத்திரிகை இல்லாமற்போகவே, தலைநகரில் இருந்தவர்களே தங்கள் களஞ்சியம் நிறைந்திருப்பதாக நம்பினார்கள். ஆகவே சுதந்திரப் பத்திரிகை ஆளப்படுவோருக்கு மட்டுமன்றி ஆள்வோருக்கும் அத்தியாவசியமானது; தாம் ஏமாற்றப்படாமல் இருக்க அவர்களுக்கும் வேறு உபாயம் கிடையாது.

இத்தனையும் பத்திரிகைக்குப் பெருமை சேர்ப்பவை. பெருமை இல்லாத பக்கமும் உண்டு. ஒரே நாளில் நடந்து முடிகிற விபரீதத்தை, வெள்ளத்தை, விபத்தை, வீதியில் கிடக்கும் பிணத்தைப் பார்க்கத் தெரிந்த பத்திரிகைக் கண், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும் பசியையும் கடனையும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுக் காகிதத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி வந்த கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வரிசையில் நிற்பார்கள். நிருபர்களும் வாசலில் நிற்பார்கள். 2017 அக்டோபரில் அப்படியொரு திங்களன்று, கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், பச்சிளங் குழந்தைகள் உட்பட, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கிரையாயிற்று. அன்று தேசமெங்கும் அது தலைப்புச் செய்தி. அதற்கு முந்தைய வாரங்களில் அதே மனு அதே வளாகத்துக்கு வந்தபோது, அது யார் கண்ணுக்கும் செய்தியாகத் தோன்றவில்லை. நெருப்பு வந்த பிறகு வருகிற காமிராவினால் செத்தவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

மெல்ல நடக்கும் விஷயங்களையும் எழுத முடியும் என்பதற்குப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் சாட்சியாக இருக்கிறார். 1990-களின் தொடக்கத்தில் அவர் இந்தியாவின் மிக வறிய மாவட்டங்களைத் தேடிப் போய், அங்கே மாதக்கணக்கில் தங்கி எழுதினார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் அடக்கம். புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டதை அவர் எழுதியபோது, சர்க்கார் புள்ளிவிவரம் எதிலும் இடம்பெறாத ஒரு விடுதலை உலகத்துக்குத் தெரியவந்தது. வறிய ஜனங்களிடம் கஷ்டத்தை மட்டுமன்றி அவர்களுடைய சாமர்த்தியத்தையும் காண்பதற்குக் கூட அங்கே போய் இருந்தால்தான் முடிகிறது.

அறிவு புகட்டும் வேலைக்கும் இதே விதிதான். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலந்து உண்டாக்கிய ஏ.டி.டி. 27 என்ற குறுகிய காலப் பயிரைப் பற்றித் திருச்சி வானொலி விவசாய நிகழ்ச்சிகளில் இடைவிடாது பேசிற்று. விவசாயிக்குப் புரியும் பேச்சில், விதைப்பும் உரமும் பருவமும் இன்னின்னவாறு என்று அது சொன்னதைக் கேட்டுப் பயிரிட்ட தஞ்சை மிராசுதாரும் குத்தகைக்காரரும் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். கேட்கிறவன் இருக்குமிடத்துக்கு இறங்கி வந்த சாதனத்துக்கு ஜனங்கள் கொடுத்த மரியாதை அது.

இன்றோ, இறங்கிப் போவது குறைந்துகொண்டே வருகிறது. சென்னையில் ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேரை உட்கார வைத்து மாலைதோறும் வாதாட விடுவதற்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு நிருபரைக் கொல்லிமலைக்கோ திருவாடானைக்கோ அனுப்பிப் பத்து நாள் தங்க வைப்பதற்கு ஆகும் செலவு அதிகம். பல தாலுகாக்களில் நிருபர் என்று சொல்லப்படுபவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்று சிறு தொகை உண்டு, அதோடு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். ஊர்ப் பெரிய மனிதரிடம் தீபாவளி விளம்பரம் கேட்டு நிற்க வேண்டிய ஒருவர், அந்தப் பெரிய மனிதரின் வட்டிக் கடையைப் பற்றி எப்படி எழுதுவார்? அவரைக் குற்றம் சொல்லி ஆவதொன்றுமில்லை. அவரை அந்த நிலையில் வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் கண்டிக்க வேண்டும்.

பத்திரிகை முதலாளிமாருக்கு என் வேண்டுகோள் இது: தாலுகாதோறும் ஒரு நிருபருக்கேனும் ஜீவனத்துக்குப் போதுமான மாதச் சம்பளம் கொடுங்கள், விளம்பரம் பிடிக்கும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் ரேஷன் அரிசி வராமற்போனாலும், பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும், கொத்தடிமையாக ஒரு குடும்பம் செங்கற் சூளையில் அடைபட்டிருந்தாலும், இதெல்லாம் பேப்பரில் வருமா என்று சும்மா இருந்துவிடாதீர்கள். விவரமாகக் கடிதம் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். வெளியாகும் வரை திரும்பத் திரும்ப எழுதுங்கள்.