ஏறி உட்காரும்வரை பொறுங்கள்



எங்கள் மூன்று வயது இரட்டையரைப் பார்க்க அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். எல்லோருமாக விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்குப் போனோம். ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம் என எல்லாமே ஐந்தாக உள்ள கோயில். பையன் தாத்தாவின் விரல்களைப் பிடித்து எண்ணினான். ஆழத்துப் பிள்ளையாருக்குப் படியிறங்கும்போது பெண்ணை அம்மா இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை. திரும்பும்போது பீங்கான் யானை இரண்டு வாங்கினோம், ஒரே நிறத்தில். நிறம் மாறினால் அழுகைதான்.

சிரமம் பேருந்தில். முதல் படியே அம்மாவின் முழங்கால் உயரம். ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது; அப்பா கம்பியைப் பிடித்துத் தடுமாறினார். இன்னும் நெஞ்சு படபடக்கிறது. முதியோரும் குழந்தைகளும் உட்காரும்வரை ஓட்டுநர்கள் வண்டியை எடுக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கமும் தாழ்தளப் பேருந்து ஒன்றாவது வர வேண்டும்.

ஒரு தாய்,
மங்கலம்பேட்டை