டப்பாக் காளானும் அருப்புக்கோட்டைக் காளானும்

என் மச்சினன் இரண்டு மாதமாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. கால் எரிச்சல் தாங்காமல் போகவே பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தோம். வெறும் வயிற்றில் 312! ஏனடா என்று கேட்டால், பீரோவிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டுகிறான். காளான் பொடி, 1,800 ரூபாய். சர்க்கரை, புற்று, மறதி எல்லாம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

காளானுக்கு நான் விரோதி அல்ல. காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில், பாரிசின் பழைய கல்குவாரிச் சுரங்கங்களில் மொட்டுக் காளான் வளர்த்த கதையை வாத்தியார் சொல்ல, நாய்க்குடையையா தின்கிறார்கள் என்று சிரித்தோம். பெண் எடுத்த இந்தச் சீமைக்கு வந்த பிறகுதான் புற்றுக் காளான் குழம்பின் ருசி தெரிந்தது.

காளானில் பீட்டா குளுக்கான் இருப்பது உண்மை. அது ஒருவகை நார்ச்சத்து, ஓட்ஸிலும் உண்டு. எர்கோதயோனைன் இருப்பதும் உண்மை. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்பது வேறு, அது நோயைத் தீர்க்கும் என்பது வேறு. ஷிடாகே காளானிலிருந்து பிரித்த லென்டினான் ஜப்பானில் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்டது மெய்தான். அதை ஊசியாக, கீமோதெரபி மருந்தோடு சேர்த்து, டாக்டர் போட்டார். பாலில் ஒரு ஸ்பூன் பொடி கலக்கிக் குடிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இதில் எனக்குக் கூடுதல் எரிச்சல் ஒன்று உண்டு. நம் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998இல் வந்ததுதான் ஏ.பி.கே.2 என்கிற பால் காளான். ஏ.பி.கே. என்றால் அருப்புக்கோட்டைதான். மொட்டுக் காளானுக்கு மலைக் குளிர் வேண்டும். இது 30, 35 டிகிரி வெக்கையில், வைக்கோல் பையில் வளரும். இந்தக் கரிசல் காட்டுக்கென்றே அமைந்த பண்டம் பக்கத்தில் இருக்க, நம் ஆட்கள் டப்பாவுக்குக் காசு அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. காளானில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. வெயில் பட்டால் அது வைட்டமின் டி2 ஆகும். நறுக்கிய காளானை உச்சி வெயிலில் அரைமணி நேரம் காய வைத்துவிட்டுச் சமைத்தால் போதும். பரளச்சியில் வெயிலுக்கா பஞ்சம்?

மச்சினன் மாத்திரைக்குத் திரும்பிவிட்டான். டப்பா இப்போது என் மேசைமேல். 33 வருஷம் கோப்பு பார்த்தவன், அடியில் உள்ள பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.